நம்பிக்கை வந்தப்புறம் போன் பண்ணலாம் என்று இருந்தால்

"குறை சொல்வதை நிறுத்துங்கள், வாழ்க்கை தானாக மாறும்." பாரிமுனையில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்குப் பயிற்சி வகுப்பு எடுக்க வந்தவர் சொன்னது இது. சொல்லிப் பல மாதங்கள் ஆகிவிட்டன, இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. வந்தவர் நல்ல மனிதர். சொன்னதில் பாதி எனக்குப் பிடித்தும் இருந்தது. காலையில் எழுந்ததும் போனைக் கையில் எடுக்காதீர்கள், தூங்கப் போகும் முன் அன்று நடந்த நல்லதை ஒரு வரி எழுதுங்கள், வீட்டில் இருப்பவர்களை வாய்விட்டுப் பாராட்டுங்கள் என்றார். இதிலெல்லாம் எனக்குத் தகராறே இல்லை. கடைசியில் ஒரு தாளைச் சுற்றில் விட்டார். ஒரு மாதத்துக்கு எதைப் பற்றியும் குறை சொல்ல மாட்டேன் என்ற உறுதிமொழி. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். என்னிடம் வந்தபோது நான் போடாமல் அடுத்தவரிடம் நகர்த்தினேன். பிடிவாதத்தால் அல்ல. நான் இருப்பது திருவொற்றியூரைத் தாண்டி எர்ணாவூரில். எங்கள் தெருவில் ஒரு மாதம் யாருமே குறை சொல்லாமல் இருந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். மூடி இல்லாத கால்வாய் அப்படியே கிடக்கும். விளக்குக் கம்பம் இருட்டாகவே நிற்கும். ராத்திரி வரும் கேஸ் வாடை யாருடைய கணக்கிலும் ஏறாது.

நேர்மறையான மனம் வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. வேண்டும், கட்டாயம் வேண்டும். வட சென்னையில் வாழ்கிறவர்களுக்கு அது இல்லாமல் ஒரு வாரம் ஓட்ட முடியாது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் இடுக்கில் பிள்ளையை சைக்கிளில் பள்ளிக்கு அனுப்புகிற தாய்க்கும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கரையேறியதும் கூலி வேலை தேடிப் போகிற மீனவருக்கும் மனத்தெம்பு என்றால் என்னவென்று யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. என் கேள்வி வேறு. அந்தத் தெம்பு எங்கிருந்து வருகிறது? குறையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்வதிலிருந்து வருகிறதா, குறையை நேருக்கு நேர் பார்த்து அதன்மேல் கை வைப்பதிலிருந்து வருகிறதா?

2023 டிசம்பர்

மிக்ஜாம் புயல் நேரத்தை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டாம். சென்னை முழுக்க வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, வடிந்தது. எங்களுக்குத் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாயில் இறங்கிய கச்சா எண்ணெய்க் கசடு, வெள்ளத்தில் மிதந்து வீடுகளுக்குள் புகுந்து, அப்புறம் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம் வரை போனது. தண்ணீர் வடிந்த பிறகு பீரோவைத் திறந்தால் கீழ்த்தட்டுத் துணியெல்லாம் கறுப்பு. மெத்தை, அரிசி டிரம், பிள்ளைகளின் பாடப் புத்தகம், எதைத் தொட்டாலும் பிசுக்கு. சோப்புப் போட்டால் போகவில்லை, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் வீடு முழுக்க இன்னொரு வாடை. காட்டுக்குப்பம், முகத்துவாரக் குப்பம் பக்கம் மீனவர்கள் தங்கள் படகிலேயே போய் மக்கிலும் வாளியிலும் எண்ணெயை மொண்டு டிரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இறக்கை ஒட்டிப்போன கூழைக்கடாக்கள் பறக்க முடியாமல் நின்றதை டிவியில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

அது ஆறுவதற்குள், டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் கடலோரத்தில் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிச்சல், மூச்சுத் திணறல். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு சனம் ரோட்டுக்கு ஓடியது. பல பேர் மருத்துவமனையில் படுத்தார்கள். 2004-ல் சுனாமி வந்ததும் அதே டிசம்பர் 26. காலையில் சுனாமியில் போனவர்களுக்குக் கடலில் பால் ஊற்றி, பூப்போட்டு வந்த மீனவக் குடும்பங்கள், அன்று ராத்திரியே ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட வேண்டியிருந்தது.

அந்த வாரத்தில் நகரின் தெற்குப் பக்கம் இருக்கும் என் உறவினர் ஒருவர் போனில், "எல்லாம் நல்லதுக்குன்னு நினைச்சுக்கோப்பா, பாசிட்டிவா இரு" என்றார். அன்பில்தான் சொன்னார், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் எண்ணெய் படிந்த அரிசி டிரம் எந்த நல்லதுக்கு? துன்பத்தில் இருப்பவரிடம் நாம் சொல்லும் நேர்மறை வார்த்தைகள் பல நேரம் நம் சங்கடத்தைத் தீர்த்துக்கொள்ளச் சொல்பவை. அவருடைய வலி நம்மைத் தொந்தரவு செய்கிறது, அது சீக்கிரம் முடிந்தால் தேவலை என்றிருக்கிறது. "ரொம்பக் கஷ்டமா இருக்குமே, இன்னா வேணும் சொல்லு" என்று கேட்டுவிட்டு மெத்தையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினவர்கள்தான் அந்த நாட்களில் எனக்குத் தெம்பு கொடுத்தார்கள்.

இன்ச் டேப்பும் நீள நோட்டும்

எதிர்வீட்டு அக்கா துணி தைப்பவர். பிளவுஸ், பள்ளிச் சீருடை, பழைய புடவைக்கு ஃபால்ஸ். எண்ணெய் வந்த வாரம் அவர் தையல் மிஷினின் மோட்டார் போய்விட்டது. எல்லோரும் சுவரைத் துடைக்க ஆரம்பித்தபோது அவர் மட்டும், "இரு, யாரும் தொடைக்காதீங்க" என்று சொல்லி உள்ளே போய்த் தைக்கிற இன்ச் டேப்பை எடுத்து வந்தார். தரையிலிருந்து சுவரில் எண்ணெய்க் கோடு படிந்த உயரம் வரை டேப்பைப் பிடித்து, எண் தெரிகிற மாதிரி மகளை விட்டுப் போட்டோ எடுக்கச் சொன்னார். தன் வீடு முடிந்ததும் பக்கத்து வீடு, அப்புறம் அதற்கடுத்த வீடு. தெருவின் கடைசி வரைக்கும் மஞ்சள் டேப்பும் கறுப்புக் கோடும். எண்ணெய் பாதித்த பகுதியில் வீட்டுக்கு 7,500 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்து, பட்டியலில் எங்கள் தெருவில் சில வீடுகள் விட்டுப்போனபோது, மனுவோடு சேர்த்துக் கொடுக்க எங்களிடம் இருந்த ஒரே சாட்சி அந்தப் படங்கள்தான். சிலருக்குக் கிடைத்தது. சிலருக்குக் கிடைக்கவில்லை.

அக்காவிடம் ஒரு நீள நோட்டு உண்டு. மகள் பள்ளியில் பாதி எழுதிவிட்டு வைத்த கணக்கு நோட்டு. மீதிப் பக்கங்களில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறார். தேதி, எந்த ஆபீஸ், யார் பேசினாங்க, புகார் எண், என்ன ஆச்சு. மாநகராட்சியின் 1913-க்குப் போன் செய்து தெருவிளக்கு எரியவில்லை என்று சொன்னது, கால்வாய் அடைப்பு, லாரித் தண்ணீர் வராதது, ராத்திரி வாடை அடித்த நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது, எல்லாம் அதில் இருக்கும். முடிந்ததற்குச் சிவப்பு பேனாவில் டிக். முடியாததற்கு எதிரே இடம் விட்டு வைத்திருப்பார். விளக்குக்கும் குப்பைக்கும் டிக் நிறைய. வாடைக்கு எதிரே பெரும்பாலும் வெற்றிடம்தான். அந்த வெற்றிடங்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும்.

ஒரு ராத்திரி, கரண்ட் போயிருந்த நேரம், வாடை மறுபடி வந்தது. அழுகிய முட்டையும் ரசாயனமும் கலந்தது போன்ற அந்த வாடை இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் தலைவலி. வாசலுக்கு வந்தேன். எதிரே அக்கா படியில் உட்கார்ந்து, போனின் வெளிச்சத்தை நோட்டின்மேல் பிடித்து நேரத்தை எழுதிக்கொண்டிருந்தார். போனில் அந்தப் பக்கம் யாரோ எடுத்து, வழக்கமாகச் சொல்வதைச் சொல்லி வைத்தார்கள். அக்கா குரலை உயர்த்தவில்லை. புகார் எண்ணைத் திரும்பச் சொல்லச் சொல்லி ஒவ்வொரு இலக்கமாக எழுதிக்கொண்டார்.

வெகுநாளாகக் கேட்க நினைத்ததை அன்றைக்குக் கேட்டேன். "எப்பிடிக்கா சலிக்காம பண்றீங்க? சரியாயிடும்னு நம்புறீங்களா?"

அக்கா நோட்டை மூடினார். "நம்பிக்கையா? அது எப்பவோ வருது, எப்பவோ போவுது தம்பி. அது வந்தப்புறம் போன் பண்ணலாம்னு குந்திகினு இருந்தா நான் போனே பண்ண மாட்டேன். பண்ணிட்டேன்னு வெச்சிக்கோ, படுத்தா தூக்கம் வருது."

அவ்வளவுதான் சொன்னார். கொட்டாவி விட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் ரொம்ப நேரம் வாசலிலேயே நின்றேன். மனதைச் சரிசெய்துகொண்டால் செயல் தானாக வரும் என்றுதான் எல்லா வகுப்பிலும் சொல்கிறார்கள். அக்கா அதைத் தலைகீழாக வைத்திருந்தார். முதலில் கை, அப்புறம் மனம். கைக்கு வேலை கொடுத்துவிட்டால் மனம் பின்னாலேயே வருகிறது. வராமல் போனாலும் பரவாயில்லை, வேலை நடந்திருக்கும்.

உளவியல்காரர்கள் திருத்திக்கொண்டது

இதைப் படித்துத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத் தேடியபோது கிடைத்த ஒரு செய்தி எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. 1967-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நாய் என்ன செய்தாலும் நிறுத்த முடியாதபடி மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு, ஒரு சிறு தடுப்பைத் தாண்டினாலே தப்பிக்கலாம் என்கிற இடத்தில் விட்டபோதும் அவற்றில் பல தாண்ட முயலாமல் அப்படியே படுத்துக்கொண்டன. என்ன செய்தாலும் பயனில்லை என்பதை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று முடிவு சொன்னார்கள். உளவியல் பாடத்தில் இன்றைக்கும் இருக்கும் சோதனை இது. சுமார் ஐம்பது ஆண்டு கழித்து, 2016-ல், அதே இருவரும் மூளை ஆய்வுகளின் துணையோடு தங்கள் முடிவைத் திருப்பிப் போட்டார்கள். சோர்ந்து படுத்துவிடுவது கற்றுக்கொண்டது அல்ல. துன்பம் நீளும்போது உடம்பும் மூளையும் இயல்பாகவே போய்ச் சேரும் இடம் அது. கற்றுக்கொள்ள வேண்டியது அதற்கு எதிரானது: நான் செய்வதால் ஏதோ ஒன்று மாறுகிறது என்ற அனுபவம்.

இதைப் படித்ததும் எனக்கு நீள நோட்டின் சிவப்பு டிக்குகள்தான் கண்முன் வந்தன. தெருவிளக்கு எரிந்தது சின்ன விஷயம். ஆனால் நாம் பேசினால் ஒன்று நடக்கும் என்பதை அந்த விளக்கு தெருவுக்கே கற்றுக்கொடுக்கிறது. அப்படியென்றால் துவண்டு கிடப்பவரைப் பார்த்து "ஏன் இப்படி எதிர்மறையாக இருக்கிறாய்" என்று கேட்பதில் நியாயமே இல்லை. துவள்வது அவர் குணக்கேடு அல்ல. அவருக்கு வேண்டியது அறிவுரை இல்லை, சின்னதாக ஒரு டிக்.

அன்றைய வகுப்பில் கண்ணை மூடி, நாம் விரும்புவதெல்லாம் கிடைத்துவிட்டது போல் பத்து நிமிடம் கற்பனை செய்யச் சொன்னார்கள். கண்ணை மூடினவர்கள் முகத்தில் ஒரு சாந்தம் தெரிந்தது உண்மை. கேப்ரியேலே எட்டிங்கன் என்ற உளவியலாளர் இதையும் ஆராய்ந்திருக்கிறார். எடை குறைக்கும் சிகிச்சையில் இருந்த பெண்களைப் பற்றி அவரும் தாமஸ் வாடனும் 1991-ல் வெளியிட்ட ஆய்வில், தன்னால் குறைக்க முடியும் என்று எதிர்பார்த்தவர்கள் கூடுதலாக எடை குறைந்தார்கள். மெலிந்த உடம்போடு இருப்பதாக இனிமையாகக் கனவு கண்டவர்கள் குறைவாகத்தான் குறைந்தார்கள். கனவே பாதி வயிற்றை நிரப்பிவிட்டால் எழுந்து நடக்கத் தோன்றாது போலும். முடியும் என்ற எண்ணத்தையும் முடிந்துவிட்டது என்ற மிதப்பையும் ஒரே பெயரில் விற்கிறோம். அதுதான் எனக்குக் கவலை.

வட சென்னைக்கு இது புதிதும் இல்லை. பெரம்பூரில் 1918 ஏப்ரலில் மதராஸ் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டபோது பி அண்ட் சி துணி ஆலைத் தொழிலாளர்கள் சொன்ன குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. ஓட்டமாகப் போய் அள்ளிப் போட்டுக்கொண்டு திரும்பும் நிலை. அவர்கள் நேர்மறையாகச் சிந்தித்து, கிடைத்த நேரத்துக்கு நன்றி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும் என்று கேட்டார்கள். 1923-ல் சிங்காரவேலர் இதே சென்னையில் மே தினம் கொண்டாடினார். மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். இன்றைக்கு ராஜாஜி சாலையில் இருக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு அவர் பெயர்தான், சிங்காரவேலர் மாளிகை. கையில் மனுவோடு படியேறும் ஒவ்வொருவரும், கேட்டால் ஏதாவது நடக்கும் என்று எங்கேயோ நம்புகிறவர்தானே? நம்பிக்கையே அற்றுப்போனவர் மனு எழுத மாட்டார். "எவன் வந்தா இன்னா" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவார். டீக்கடையில் அதே விஷயத்தை ஒரு மணி நேரம் பேசிவிட்டு ஒரு வரியும் எழுதாமல் எழுந்து போகிறவரையும் நான் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அந்தப் பேச்சு கேட்பவரின் தெம்பையும் உறிஞ்சிவிடும். பயிற்சியாளர் அதைத்தான் மனதில் வைத்திருந்தார் என்றால், அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

மனு கொடுக்க முடியாத துன்பம்

எல்லாத் துன்பத்துக்கும் ஓர் அலுவலகம் இல்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஸ்டான்லி மருத்துவமனையில் வலது கை விழுந்து கிடந்தபோது யாருக்கு மனு எழுதுவது? துறைமுகத்தில் மூட்டை தூக்கின கை. ஒரு டம்ளரைப் பிடிக்க வரவில்லை. மனிதர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நாங்கள் எல்லாவற்றையும் அவருக்குச் செய்துகொண்டிருந்தோம். சட்டை போட்டு, ஊட்டி, தலை வாரி. வார்டில் இருந்த ஒரு நர்ஸம்மாதான் சீப்பை என் கையிலிருந்து வாங்கி அப்பாவின் இடது கையில் கொடுத்தார். "அவரே வாரட்டும். கோணலா இருந்தா இருந்துட்டுப் போவுது." கோணலாகத்தான் வாரினார். வகிடு காதுக்கு மேலே போனது. அடுத்த படுக்கைப் பெரியவர் சிரித்தார், அப்பாவும் வாயோரம் சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது. கை முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கவும் இல்லை.

அந்த வராந்தாவில் இரவு தங்கும் துணையாட்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்டதைச் சொல்லி மாளாது. பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாமல், ஒருவர் மருந்து வரிசையில் நிற்கும்போது இன்னொருவர் அவர் நோயாளியைப் பார்த்துக்கொள்வார். வியாசர்பாடியிலிருந்து வந்த ஓர் அம்மா தூக்குவாளியில் கொண்டுவந்த ரசம் சோறு எப்போதும் ஒரு ஆளுக்குக் கூடுதலாகவே இருக்கும்.

வட சென்னை என்றதும் அரிவாளையும் புகையையும் மட்டும் காட்டுகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த காசிமா, புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண், ஆட்டோ ஓட்டுநர் மகள். அந்த மூன்று தங்கமும் திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. சந்துக்குச் சந்து இருக்கிற கேரம் மன்றங்களில், ஒரு பல்பு வெளிச்சத்தில், பவுடர் தூவின பலகையைச் சுற்றி நின்று தலைமுறைகள் ஆடின ஆட்டம் அது. கவலையை மறக்க ஆடினார்கள் என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டில் வாடகை, வேலை, உடம்பு எதுவும் சொன்ன பேச்சைக் கேட்காத நேரத்தில், அந்தப் பலகையில் விரல்கள் சொன்னபடி கேட்கின்றன. ஸ்ட்ரைக்கரைச் சரியாகத் தட்டினால் காய் குழிக்குப் போகிறது. நான் செய்வதால் ஒன்று மாறுகிறது என்பதை உடம்பு அங்கே கற்றுக்கொள்கிறது.

உலகச் செய்திகள் என்னைச் சாய்க்கும் நாட்கள் இப்போதும் வருகின்றன. எங்கோ நடக்கும் போரில் சாகும் பிள்ளைகளின் படத்தை நடு ராத்திரி வரை தள்ளித் தள்ளிப் பார்ப்பேன். பார்க்காமல் இருப்பது துரோகம் மாதிரியும் இருக்கும். இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மனதை ரொம்பவும் கலக்குகிற செய்தி வந்தால், அதே நாளில் தெருவுக்கு ஆகிற ஒரு வேலையை முடித்துவிட்டுத்தான் மறுபடி போனைத் திறப்பது. போரை அது நிறுத்தாது, தெரியும். ஆனால் என்னைப் படுக்க விடாமல் வைத்திருக்கிறது. கொடுங்கையூரில் குப்பையை எரிக்கும் உலை வரப்போகிறது என்று தெரிந்ததும் 2025 மே மாதம் வட சென்னை மக்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்றார்கள். எரிகிற வெயிலில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றவர்களை எதிர்மறையாளர்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த ஊரில் இன்னும் முப்பது வருடம் இருக்கப் போகிறோம் என்று நினைப்பவர்கள்தான் அப்படி வந்து நிற்பார்கள்.

இப்போது எங்கள் தெருவில் அங்கன்வாடிக்கு எதிரே மழைநீர்க் கால்வாயின் மூடி உடைந்து கிடக்கிறது. பலகையைப் போட்டு மூடி வைத்திருக்கிறோம், லாரி ஏறினால் அதுவும் போய்விடும். அக்கா டேப்பைப் பிடித்து ஆழம் அளந்தாயிற்று. அவர் மகள் மனுவை டைப் செய்திருக்கிறாள். "தயவுகூர்ந்து" என்று தொடங்குவதா, நேரே விஷயத்துக்கு வருவதா என்று நேற்று அரை மணி நேரம் வாக்குவாதம். நேரே விஷயத்துக்கு வருவதென்று முடிவாகியிருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் மூடி வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் பதில் வேண்டும். பதில் வரும்வரை திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு வாரம் ஒரு வீட்டிலிருந்து ஒருவர் போவதென்று முறை போட்டிருக்கிறோம். முதல் திங்கள் என் முறை. மனுவுக்கு இரண்டு நகல் எடுத்து வைத்திருக்கிறேன், ஒன்று சீல் போட்டு வாங்கி வர.